லேத்துக்கு வாங்கின மோட்டார்

உச்சிப்புளி தாண்டின பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு புருஷனும் பொண்டாட்டியும். அவர் மடியில் சாக்கில் சுற்றின மோட்டார்.

"கிரைண்டர் மோட்டாரக் கழட்டி லேத்துல மாட்டுன ஆளு ஊருலேயே நீங்கதான்" என்றாள் அவள்.

"அதுவும் இழுக்கலையே. விடிஞ்சா படகு கடலுக்குப் போகணும், ஷாப்ட்டக் கடைஞ்சு குடுன்னு படகுக்காரவுக வந்து நிக்கிறாக. அதான் பெருசா வாங்கியாச்சுல்ல."

"இதுல த்ரீ பேஸுன்னு போட்டிருக்கே. நம்ம பட்டறையில வீட்டு லைன்தான, சிங்கிள் பேஸு? ஓடுமா?"

அவர் சாக்கை விலக்கிப் பார்த்தார்.

"கடையிலயே சொல்லக் கூடாதா புள்ள?"

"பேரம் பேசுறப்ப வாயைத் திறக்காதன்னு நீங்கதான சொன்னீக."

"சரி, எந்திரி. கடை அடைக்கிறதுக்குள்ள திரும்பிப் போவோம்."

"போவோம். அத இங்கிட்டுக் குடுங்க, செத்த நேரம் நான் சுமக்குறேன்" என்றாள்.