கீறல் படாத சக்கரம்

— சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க அத்தான். இருபத்திரண்டு இஞ்ச் சக்கரத்தைக் கழட்டிட்டுப் பதினெட்டு மாட்டுறது, கல்யாண வீட்டுக்கு ரப்பர் செருப்பு போட்டுட்டுப் போற மாதிரி. நாளைக்கு கோச்கோர் சந்தையில நாலு பேர் என்னைப் பிடிச்சுக் கேப்பான், "என்ன மைரம், உங்க அக்கா புருஷனுக்கு வியாபாரம் படுத்துடுச்சா?"ன்னு.

— நீ வேலையைப் பாரு மச்சான். வாயாலயே நட்டு கழட்டலாம்னா இந்நேரம் நாலும் கழண்டிருக்கும்.

— வாய்க்குக் கரண்ட் பில் வராது அத்தான். மெஷினுக்கு வரும்.

— தம்பி, பேசிக்கிட்டே கழட்டு. வெயில் இறங்குறதுக்குள்ள நாங்க மேல போய்ச் சேரணும்.

— போய்ச் சேரலன்னா என்னக்கா, நாளைக்குப் போறது. சோங் கோல் ஏரி எங்க ஓடிடப் போகுது?

— ஏரி ஓடாது. பொண்ணு ஓடிடும். ஜோல்தோஷ் சம்பந்தி போன்லயே சொல்லிட்டாரு. "பையனுக்குப் பேசி முடிச்சு, பொண்ணுக்கு நிச்சயத் தோடு மாட்ட வர்றேன்னுட்டு ஒரு தடவை பாதி வழியில திரும்பிட்டாரு உங்க வீட்டுக்காரரு. இன்னொரு தடவை திரும்பினா, எங்க பெரெமெத்துக்கு வேற வீடு இல்லாம இல்ல"ன்னு.

— அவரு அப்படித்தான் பேசுவாரு புருல். மலையிலயே கிடக்குற மனுஷன். நான் என்ன வேணும்னா திரும்பினேன்? கணவாய் மூணாவது வளைவுல ரெண்டு டயர் வெடிச்சுப் போச்சு. வெடிச்ச டயர்ல பறக்கவா முடியும்?

— அதான் கேக்குறேன் அத்தான், டயருக்குள்ள இருக்குற வளையம் சின்னதானா மட்டும் பறக்குமா?

— உனக்குத் தெரியாத மாதிரி கேக்குற. வளையம் சின்னதானா ரப்பர் உசரமாகும். கல்லு குத்தினா ரப்பர் வாங்கிக்கும். இப்ப இருக்குறதுல ரப்பர் எங்க இருக்கு? ரொட்டி மேல தடவின வெண்ணெய் மாதிரி ஒரு சுத்து.

— அடடே. இதையேதான் போன வருஷம் நீங்க துபாய்ல இருந்து வண்டி இறக்கினப்ப நான் சொன்னேன். "பொறாமைல பேசுறான்"னு எங்க அம்மாகிட்ட போய்ச் சொன்னீங்க.

— பொறாமையும்தான் இருந்துச்சு உனக்கு.

— இருந்துச்சு. இப்ப இல்ல. கல்லு மேட்டுக்குன்னே செஞ்ச இந்த ஆல் டெரெய்ன் டயரைப் போட்டுப் பாத்தா வண்டி எங்க மாமியார் மாதிரி இருக்கும். காலு கட்டை, ஆனா அசைக்க முடியாது.

— பதினேழு போட்டா இன்னும் ரப்பர் கூடுமேன்னு உங்க அத்தான் கேட்டாரு தம்பி. ஏன் பதினெட்டு?

— பதினேழு பிரேக்ல போய் இடிக்குதுக்கா. நல்லவேளை மாட்டிப் பாத்தேன். அவசரத்துக்கு மாட்டி அனுப்பியிருந்தா அத்தான் இந்தத் தடவை முதல் வளைவுலயே திரும்பியிருப்பாரு... அதென்ன பின்னாடி கத்துது?

— செம்மறி. சம்பந்தி வீட்டுக்கு.

— டிக்கிக்குள்ளயா? திறங்க, பாப்போம். அக்கா, இது என்ன? ஆட்டுக் கால்ல என்ன?

— உங்க அத்தானையே கேளு.

— குளம்பு பட்டா உள்ள பிளாஸ்டிக் கீறிடும் மச்சான். அதான் சாக்ஸ் மாட்டினேன். இதுல சிரிக்க என்ன இருக்கு?

— நான் சிரிக்கலையே. எங்க அக்காவைக் கட்டிக் கூட்டிட்டுப் போன அன்னைக்குக்கூட நீங்க இப்படிக் கால் கால்னு பாத்ததில்லன்னு நெனச்சேன்.

— நாலும் என்னோட கம்பளிச் சாக்ஸ் தம்பி. மேல குளிருக்குன்னு எடுத்து வெச்சது.

— சரி, சரி. மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. இந்த வண்டியில உக்காந்து போனா பத்து பேர் ஒதுங்கி வழி விடுறான். எதுக்கு? எஞ்சினைப் பாத்தா? சக்கரத்தைப் பாத்து. பிஷ்கெக் டைல்ஸ் மார்க்கெட்ல வந்து கேட்டுப் பாரு, எசென்குல் யாருன்னு.

— எதுக்கு அவ்வளவு தூரம்? இங்கயே தெரியும். "பளபளச் சக்கரம்"னா சொல்லிடுவான். பேரு யாருக்கும் தெரியாது... அத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஜாக்கி ஏத்துறேன். முதல் சக்கரம் கழண்டுது. எங்க வைக்க? வண்டிக் கூரை மேல கட்டிடவா? அங்கதான் ரெண்டு வெள்ளிக் கம்பி சும்மா கிடக்கு.

— கூரையில கையை வெச்ச, உன் கை உன்கிட்ட இருக்காது. அந்தக் கம்பி அழகுக்கு. பாரம் வைக்க இல்ல. பெயின்ட் கீறும்.

— அப்ப இங்கயே கடையில இருக்கட்டும். கோழி அடைய ஆவும்.

— மைரம், அது ரத்தம் தொட்டு வெச்ச சக்கரம். வண்டி வாங்கின அன்னைக்கு ஆடு அறுத்து, எங்க பெரியப்பா கையேந்தி வேண்டிக்கிட்டு, நாலுலயும் தொட்டு வெச்சாரு. இப்ப இதைக் கழட்டிட்டா அந்த வேண்டுதல் வண்டியோட போகுமா, சக்கரத்தோட இங்கயே தங்கிடுமா? அதை நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

— சக்கரத்தோட தங்கிட்டா எனக்கு லாபம். என் கோழியெல்லாம் நூறு வருஷம் வாழும்.

— ஏங்க, அந்த வேண்டுதல் இருந்தும்தானே ரெண்டு வெடிச்சுது?

— அது... வேண்டுதல் இருந்ததாலதான் ரெண்டோட போச்சு.

— எந்த ரெண்டு?

— எந்த ரெண்டுன்னா?

— முன்னாடியா, பின்னாடியா? தம்பி கழட்டிக்கிட்டு இருக்கான், சொன்னா பாத்துக்குவான்ல.

— முன்னாடி ஒண்ணு. பின்னாடி ஒண்ணு. இதெல்லாம் இப்ப எதுக்கு? நீ போய் டீக்கடையில உக்காரு புருல். டயர் கடையில பொம்பளைக்கு என்ன வேலை?

— தைலாக் சொல்லித்தான் வந்தேன். உங்களோட அன்னைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து எம்புள்ள யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசல. நேத்து போன்ல ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "அப்பா சக்கரம் கழட்டும்போது பக்கத்துல நில்லும்மா."

— சின்னப் பையன். ஏதாச்சும் சொல்லுவான்.

— தம்பி, அந்த டயரை வளையத்துல இருந்து உருவிக் காட்டு.

— உருவணும்னு அவசியமில்லக்கா, அப்படியே வெச்சாலும்...

— உருவு.

— அத்தான், உருவவா?

— மேல மழை வரும்போல இருக்கே.

— அத்தான் வானத்தைப் பாக்குறாரு. உருவிடறேன். இதோ. உள்பக்கம் பாருக்கா. பஞ்சர் ஒட்டின தழும்பு இருக்கணும்ல? குழந்தை வயிறு மாதிரி இருக்கு. இது முன்னாடி. அடுத்து பின்னாடி பாப்போம்... இதுவும் அதே வயிறு.

— இன்னும் ரெண்டு இருக்கே மச்சான். எனக்குச் சரியா ஞாபகம் இல்ல, எந்தப் பக்கம்னு.

— நாலையும் பாத்துட்டேன் அத்தான். சிறுசா ஒரு கீறல் கிடையாது. சரி, மாத்திட்டு எறிஞ்சிருப்பீங்கன்னு வெச்சுப்போம். அப்ப ஸ்டெப்னி இறங்கியிருக்கணும். இதோ உங்க ஸ்டெப்னி. ரப்பர் முடி அப்படியே சிலிர்த்துக்கிட்டு நிக்குது. பிறந்த முடிகூட எடுக்காத பிள்ளை. இது ரோட்டைக் கண்ணால பாத்ததே இல்ல.

— தவிர, ரெண்டு வெடிச்சா ஸ்டெப்னி ஒண்ணுதானே? இன்னொண்ணுக்கு என்ன பண்ணீங்கன்னு நானும் அன்னைக்கே கேட்டிருக்கணும். நம்பிட்டேன். இருபத்தெட்டு வருஷப் பழக்கம்.

— கல்லு பெருசா இருந்துச்சு புருல்.

— எவ்வளவு பெருசு?

— இவன் தலை அளவு.

— அப்ப பெருசுதான்கா. அதுல அத்தான் பொய் சொல்லல.

— ஒரு கல்லு தெறிச்சு வளையத்துல பட்டுச்சு. அந்தச் சத்தம்... பல்லுல பட்ட மாதிரி கூசிப் போச்சு. இறங்கிப் பாத்தேன். ஒண்ணும் ஆகல. இருந்தாலும் முன்னாடி பாத்தா, அந்த மாதிரி கல்லு மலை உச்சி வரைக்கும் கிடக்கு.

— எம்புள்ள என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்?

— அவன்... முன்னாடி நடந்து போய்க் கல்லை ஒதுக்கிக்கிட்டு இருந்தான்.

— கையால?

— வேற எதால ஒதுக்குவாங்க.

— அவன் கையால கல்லைப் பொறுக்கிக்கிட்டு இருக்கான், அவன் கல்யாணம் பேசப் போற வழியில. நீங்க?

— நான் வண்டியைத் திருப்பிட்டேன்.

— தம்பி, அந்தச் சின்னச் சக்கரத்தை மாட்டு. ஒண்ணும் பேசாத. நீ பேசினா நான் அழுதுடுவேன், இல்ல இவரை அடிச்சுடுவேன்.

— நான் பேசவே இல்லையேக்கா. வாயில நட்டு வெச்சிருக்கேன்... ஆனா ஒண்ணே ஒண்ணு. இந்த ஊர்ல குதிரை விழுந்து திரும்பினவன் இருக்கான். பனிச்சரிவு வந்து திரும்பினவன் இருக்கான். சத்தம் கேட்டுத் திரும்பினவன் நம்ம குடும்பத்துலதான்.

— போதும் மச்சான்.

— போதும், போதும். கடைசிச் சக்கரம்... முடிஞ்சுது. இறக்கிட்டேன். நிக்குது பாருங்க. அசிங்கமாத்தான் இருக்கு. ஆனா எங்க வேணும்னாலும் போகும். காத்தைக் கொஞ்சம் குறைச்சு வெச்சிருக்கேன், கல்லுக்கு மெத்துன்னு இருக்கட்டும். அக்கா, உன் போன் அடிக்குது.

— சம்பந்தியம்மாதான். சொல்லுங்க, நல்லா இருக்கீங்களா, ஆடு மாடெல்லாம் சுகமா... நாங்க கிளம்பிட்டோம், கோச்கோர்லதான்... என்னது? யாரு சொன்னா? இல்லையே, எங்க வீட்ல யாரும் சாகலையே. உங்க வீட்லயும் இல்லைன்னா ஏன் எல்லாரும் அப்படிக் கேக்குறாங்க? எங்க இருக்கீங்க இப்ப? பாலத்துக்குப் பக்கத்துலயா? கீழயா? கூடாரத்தோடயா? ... சரி. சரிங்க. வெச்சிடறேன்.

— என்ன புருல்? யாரு செத்தது?

— யாரும் சாகல. அவங்க மேல குடியிருந்த கூடாரத்தைப் பிரிச்சு, லாரியில ஏத்தி, கீழ தார் ரோட்டோரம் பாலத்துகிட்ட கொண்டாந்து அடிச்சுட்டாங்க.

— நடுக் கோடையிலயா? புல்லு இடுப்பளவு நிக்கும்போது எவனாச்சும் மேய்ச்சல்ல இருந்து இறங்குவானா? வீட்டுல சாவு விழுந்தாத்தானே இறங்குவாங்க?

— அதைத்தான் போற வர்றவனெல்லாம் நின்னு கேக்குறானாம், "யாரு போயிட்டா?"ன்னு. சம்பந்தி சொல்றாராம், "யாரும் போகல. எங்க சம்பந்திக்கு ரெண்டு டயர் போச்சு. அந்த மனுஷன் வண்டியால மேல ஏற முடியாது, நாங்க இறங்கி வந்துட்டோம்"னு.

— செத்தது டயர். கூடாரம் இறங்கியாச்சு. துக்கம் விசாரிக்க ஆளும் வருது. அத்தான், இல்லாத சாவுக்கு இவ்வளவு கூட்டம் நான் பாத்ததே இல்ல.

— கூட்டம் அதுக்கு மட்டும் இல்ல தம்பி. பளபளக்குற சக்கரம் வருதுன்னு சொந்தக்காரங்க அத்தனை பேரும் பாலத்துகிட்ட காத்துக்கிட்டு இருக்காங்களாம். குழந்தைங்கல்லாம் முகம் கழுவிட்டு நிக்குதாம்.

— அப்ப பேச்சே இல்ல அத்தான். பாலம் வரைக்கும் தார் ரோடு, வெண்ணெய் மாதிரி. பழசையே திரும்ப மாட்டிடறேன், ஒரு டீ குடிக்கிற நேரம். மினுமினுன்னு போய் இறங்குங்க. ரெண்டு டயர் வெடிச்ச கதையும் அப்படியே நிக்கும், உங்க மரியாதையும் நிக்கும். நானும் அக்காவும் வாயைத் திறக்க மாட்டோம்.

— பொண்ணு எங்க?

— என்னங்க?

— பெரெமெத் எங்கன்னு கேட்டியா? அவளும் கீழ வந்திருக்காளா?

— அவ எப்படி வருவா? குதிரைப்பால் யாரு கறக்குறது? மந்தை மேலதான் இருக்கு. அவ தனியாக் கறந்துக்கிட்டு இருக்கா. அக்கம்பக்கத்துக் கூடாரத்துல தூங்குறா.

— அப்ப நிச்சயத் தோடு கீழ இருக்கு, காது மேல இருக்கு. நீ யாரு காதுல மாட்டுவ? ஜோல்தோஷ் காதுலயா?

— அவளைக் குதிரையில கூட்டிட்டு வர ஆள் அனுப்பறேன்னு சொன்னாங்க.

— லாரி?

— எந்த லாரி?

— கூடாரம் வந்த லாரி.

— அது கரி லாரி. இறக்கிட்டுக் கரி ஏத்தப் போயிடுச்சாம். திரும்பி எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியல.

— என்ன அத்தான், கடைசி வரைக்கும் லாரி விசாரிச்சுக்கிட்டு. பழசை மாட்டவா, வேண்டாமா? ஜாக்கி கையில இருக்கு.

— கயிறு இருக்கா மச்சான்?

— என்ன கயிறு?

— தடியா. நீளமா. இருக்குற அத்தனையும் எடு.

— எதுக்கு?

— ஒரு கூடாரத்துல எத்தனை கம்பு இருக்கும்? ஒரே நடையில ஏறாது. முதல் நடையில கம்பும் கதவும். ரெண்டாவது நடையில கம்பளி. புருல், ஆட்டுக் கால்ல இருந்து சாக்ஸைக் கழட்டி நீ போட்டுக்க. மேல குளிரும். தைலாக்குக்குப் போன் பண்ணி நேரா பாலத்துக்கு வரச் சொல்லு. அவங்க வீட்டை நான்தானே இறக்கினேன், நானே ஏத்தி வைக்கிறேன்.

— ஏத்தி வைக்கிறது சரிங்க. வெடிச்ச டயரைப் பத்தி அவரு கேட்டா?

— வெடிக்கலன்னு சொல்லிடறேன். கையில கம்பு வெச்சிருப்பாரு. அடிச்சா வாங்கிக்கிறேன்.

— இருங்க அத்தான், இருங்க. டிக்கியில ஆடு இருக்கு. நடுவுல அக்கா இருக்கா. கம்பை எங்க கட்டுவீங்க?

— மேல.

— மேலன்னா, கூரையிலயா? அழகுக்குன்னு சொன்ன கம்பியிலயா? குதிரைமுடிக் கயிறு, புகை ஏறின கம்பளி, நுனியெல்லாம் கூரா சீவின கம்பு. சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, கணவாய் ஏறி இறங்குறதுக்குள்ள அந்தக் கருப்புப் பெயின்ட்ல ஒரு விரக்கடை மிஞ்சாது. மொத்தமும் கீறிடும்.

— கீறட்டும்.