பள்ளிவாசல் கூலர்

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் போகும் மதியப் பேருந்து. முன்சீட்டில் தொப்பி அணிந்த இருவர் இருந்தார்கள். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் ஜன்னலோரத்தில் இருந்தவர் பேச்சைத் தொடங்கிய விதம் அப்படி.

"பள்ளிவாசலுக்கு நான் வாங்கிக் கொடுத்த கூலர்ல ஊரே தண்ணி குடிக்குது. நான் மட்டும் குடிக்கிறதில்ல மச்சான்."

"ஏன் மாப்ளே, தண்ணி சரியில்லையா?"

"தண்ணிக்கென்ன. கூலரக் கிரெடிட் கார்டுல வாங்கினேன். வட்டி ஏறுறதுக்குள்ள கட்டிடலாம்னு நெனச்சேன். கடையில ஏவாரம் படுத்துடுச்சு. இப்ப மாசாமாசம் வட்டி கட்டுறேன். வட்டி வாங்குறதும் பாவம், கொடுக்குறதும் பாவம்."

மச்சான் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். நான் உளுந்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போன நோன்புக்கு சலீம் பாய் பள்ளிவாசலுக்குக் கொடுக்க பேங்க் வட்டியக் கொண்டாந்தப்ப நீ என்ன சொன்னே?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"கக்கூஸ் கட்ட வச்சுக்கலாம், நோன்புக் கஞ்சிக்கு ஆகாதுன்னு சொன்னேன். அத்தனை பேர் முன்னாடி."

"அப்ப உன் விஷயத்தையும் கமிட்டில சொல்லிடு."

"சொல்லணும்தான். ஆனா நோன்பு தொறக்கிறப்ப கூலர்கிட்ட நிக்கிறது அதே சலீம் பாய்தான். மொத கிளாஸப் பிடிச்சு எங்கிட்டதான் நீட்டுறாரு."

"வாங்கி என்ன பண்ணுவே?"

"பக்கத்துல இருக்கவருக்கு நகர்த்திடுவேன்."

ஜன்னலோரத்தவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து சலீம் பாய் எல்லார்கிட்டயும் என்னைக் காட்டிச் சொல்றாரு மச்சான். 'பாருங்க, நாள் பூரா நோன்பிருந்துட்டு, மொத தண்ணியக்கூட அடுத்தவருக்குக் கொடுக்குறாரு. இதான் மனுஷன்'னு."