தபால்காரரே, அவகிட்ட சொல்லுங்க

அவைக்குத் தலைமையேற்று, என்னைப் போன்றவர்களைப் பேசவிட்டுவிட்டுப் பொறுமையாக வீற்றிருக்கும் நேயர் மன்றத் தலைவர் அவர்களே! ஆண்டுக்கணக்கில் எங்கள் காதுகளில் குடியிருந்துவிட்டுச் சென்ற ‘படிக்கட்டு வீடு’ நாடகக் குழுவின் கலைச்செல்வர்களே! சிவப்பு விளக்கைக் கண்ணிமைபோல் காத்துவரும் வானொலி நிலையப் பெருமக்களே! ஆன்றோர்களே! அடுப்பைத் தணித்துவிட்டு அவசரமாய் ஓடிவந்து அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! “இந்தம்மா எப்போ முடிக்கும்?” என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பின்வரிசை அண்ணன்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தையற்காரியின் தாழ்மையான வணக்கம்.

பாராட்டுவிழா நாடகக் குழுவுக்கு. பேச வந்தவர்கள் எல்லோரும் கலை அறிந்தவர்கள், கதை எழுதியவர்கள், குரலால் குன்றேறியவர்கள். இவர்களுக்கு நடுவே பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைப்பவளுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சொல்கிறேன், கேளுங்கள்.

என் வீட்டு முன்னறைதான் என் தையற்கூடம். அதிலே இரண்டு இயந்திரங்கள். ஒன்றில் நான், மற்றொன்றில் என் கணவரின் தங்கை, என் நாத்தனார். வயது முப்பதை நெருங்கினாலும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. இரண்டு இயந்திரங்களுக்கும் நடுவே ஒரு முக்காலி. அந்த முக்காலியின்மேல் ஒரு வானொலிப் பெட்டி. பிற்பகல் ஆனால் ‘படிக்கட்டு வீடு’. அந்த நாடகத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. கேட்டு அழுதவர்கள் உண்டு. கேட்டுக்கொண்டே பொத்தான் துளைக்குக் காஜா எடுத்தவர்கள் நாங்கள்!

என் கணவர் வெல்டர். கடல்தாண்டிய ஊரில் கப்பல் கட்டும் வேலை கிடைத்து ஒருநாள் புறப்பட்டுப் போனார். அவரை வண்டியேற்றிவிட்டு வீடு திரும்பினோம். நான் வாசற்கதவைத் திறக்கிறேன்; பின்னாலிருந்து ஒரு குரல்: “எங்க அண்ணன் போனதே உங்க நச்சரிப்பு தாங்காமத்தான்.”

விடுவேனா நான்? “உனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கணுமேன்னுதான் அவர் போறார். உன்னாலதான் போறார்” என்றேன்.

அவ்வளவுதான், அன்பர்களே! அன்று மூடிய வாய்கள் இரண்டு. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே நூற்கண்டு. ஆனால் ஒரு சொல் கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் இப்படி இருந்தோம் என்றால் நம்புவீர்களா? அங்கே ஓர் அம்மா தலையாட்டுகிறார்கள். புரிகிறதம்மா, உங்கள் வீட்டு நாத்தனார் பக்கத்திலேயேவா உட்கார்ந்திருக்கிறார்? சரி, சரி, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நாடகம் உங்களுக்குத் தெரியும். மாடி மாடியாக அறைகளை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மா. நாள்தோறும் மூச்சிரைக்கப் படியேறி வரும் தபால்காரர். ஒருநாள் வீட்டுக்காரம்மா, விளக்கை அணைக்காமல் போன ஒருவரை விளாசித் தள்ளிக்கொண்டிருந்தார். வசனத்தில் ஓர் இடைவெளி விழுந்தது. பாப்பா வானொலியைப் பார்த்துச் சொன்னாள்: “நல்லாக் கேளுங்க வீட்டுக்காரம்மா. எங்க வீட்லயும் ஒருத்தங்க இஸ்திரிப் பெட்டியை அணைக்காமப் போறாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவளிடம் எப்படிப் பேசுவது? பேசினால் தோற்றுப்போனதாக ஆகிவிடுமே! காத்திருந்தேன். நாடகத்தில் தபால்காரர் படியேறும் காலடி கேட்டது. வந்தார் என் வள்ளல். “தபால்காரரே, அவகிட்ட சொல்லுங்க. அணைச்சாச்சு. வேணும்னா தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க.”

தொடங்கியது எங்கள் தபால் போக்குவரத்து! அவள் சொல்வதெல்லாம் வீட்டுக்காரம்மாவிடம். நான் சொல்வதெல்லாம் தபால்காரரிடம். “வீட்டுக்காரம்மா, நீல நூல் தீர்ந்துபோச்சு.” “தபால்காரரே, மேல்தட்டுல இருக்குன்னு சொல்லுங்க.” “வீட்டுக்காரம்மா, அந்தச் சட்டைக்குக் காலர் கோணலா இருக்கு.” “தபால்காரரே, போட்டுப் பார்க்கற கழுத்துதான் கோணல்னு சொல்லுங்க!” காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அந்த அரைமணி நேரத்தில், அதுவும் வசனத்துக்கு வசனம் விழுகிற இடைவெளியில் சொல்லி முடிக்க வேண்டும். நாடகம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் வீட்டில் பாத்திரங்கள் மட்டுமே பேசின.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றையும் கேளுங்கள். ஒருமுறை காய்ச்சலில் நான் எழுந்திருக்க முடியாமல் உள்ளறையில் கிடந்தேன். வானொலியின் ஒலியை அவள் வழக்கத்தைவிடக் கூட்டி வைத்தாள். பிறகு என் கதவருகே வந்து நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, “வீட்டுக்காரம்மா, மாத்திரை தலைமாட்டுல இருக்கு. கஞ்சி மூடி வெச்சிருக்கு. ஆறுறதுக்குள்ள குடிச்சா தேவலை” என்றாள். என் தாய்மார்களே, அன்று அந்தத் தலையணையை நான் நனைத்தது காய்ச்சலால் அல்ல.

இப்படி ஓடிக்கொண்டிருந்த ஓடத்தில் ஓர் அறிவிப்பு வந்து மோதியது. ‘படிக்கட்டு வீடு’ முடிகிறதாம்! கடைசிப் பகுதியைப் பெரிய அரங்கத்தில், நேயர்கள் முன்னிலையில் நடித்துக் காட்டப்போகிறார்களாம். அங்கிருந்தே நேரடி ஒலிபரப்பாம்! ஊரெல்லாம் ஒரு நாடகம் முடிகிறதே என்று வருந்தியது. நாங்களோ எங்கள் வீட்டில் பேச்சே முடிகிறதே என்று திகைத்தோம். மறுநாள் பாப்பா சொன்னாள்: “வீட்டுக்காரம்மா, நீங்களும் போனப்புறம் எனக்கு இங்க என்ன இருக்கு? துணி கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. தங்க விடுதியும் உண்டாம். போயிடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி உங்களை ஒருதடவை கண்ணால பார்க்கணும்.”

என் காலடியில் ஓடிய இயந்திரம் நின்றுவிட்டது. போகாதே என்று சொல்ல வேண்டும். ஆனால் அதைத் தபால்காரரிடமா சொல்லி அனுப்புவது? “தபால்காரரே, காலைல முதல் பஸ்ஸுக்குத் தயாரா இருக்கச் சொல்லுங்க. நானும் வரேன்” என்று மட்டும் சொன்னேன்.

பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. நடுவிலே வானொலி இல்லை! நடத்துநர் வந்து, “ரெண்டு பேரும் ஒண்ணா?” என்று கேட்டார். இருவரும் அவர் முகத்தையே பார்த்தோம். “என்னங்க, இதுக்கு இவ்வளவு யோசனையா?” என்று அலுத்துக்கொண்டு அவராகவே ஒன்றாகச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

அரங்கத்துக்குள் நுழைந்தோம். இங்கே அமர்ந்திருக்கும் கலைஞர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எங்களுக்குப் பெரிய ஏமாற்றம்! மலைபோல் ஒரு பெண்மணியை எதிர்பார்த்தால், வீட்டுக்காரம்மா ஊதினால் பறந்துவிடுவார் போல ஒல்லியாய் நிற்கிறார். மாடி மாடியாய் ஏறியிறங்கிய தபால்காரரோ, தொந்தியும் வழுக்கையுமாய் நாற்காலியில் சாய்ந்து தேநீர் குடிக்கிறார். படியேறும் காலடி? ஒருவர் செருப்புகளைக் கையில் மாட்டிக்கொண்டு பலகையில் தட்டுகிறார்! எத்தனை பிற்பகல்கள் அந்தக் காலடிக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்!

அறிவிப்பாளர் வந்து எச்சரித்தார். “சிவப்பு விளக்கு எரிஞ்சா யாரும் மூச்சு விடக்கூடாது. ஒரு இருமல்கூட நாடு பூராக் கேட்கும்.” விளக்கு எரிந்தது. வாத்தியம் ஒலித்தது. பாப்பா கண்களை மூடிக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அவளுடைய வீட்டுக்காரம்மா கிடைத்தார். நானும் மூடினேன். அரங்கம் போய்விட்டது, ஆட்கள் போய்விட்டார்கள். எங்கள் முன்னறையும் முக்காலியும் வந்துவிட்டன.

கதையின் கடைசிக் கட்டம். வீட்டுக்காரம்மா வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புகிறார். பூட்டிய கதவுகளைப் பார்த்துக் கேட்கிறார்: “இத்தனை நாளா உங்களையெல்லாம் திட்டிக்கிட்டே இருந்தேன். யாருக்காவது என் மேல கோவம் இருக்கா?”

இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியைப் பார்த்தால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே! பழக்கம் பாப்பாவை வாய் திறக்க வைத்தது.

“எனக்குக் கோவம் இல்லை வீட்டுக்காரம்மா. எங்க அண்ணியாலதான் அண்ணன் போனார்னு சொல்லிட்டேன். அண்ணனே போன்ல சொன்னார், அவருக்கே போகணும்னு ஆசையாம், யாரும் அனுப்பலையாம். சொன்னதை எப்படித் திரும்ப வாங்கறதுன்னு எனக்குத் தெரியலை. நாளைக்கு நீங்களும் இருக்கமாட்டீங்க. நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?”

இருமலுக்கே இடமில்லாத அரங்கத்தில் இவ்வளவும் ஒலித்தது! அறிவிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். செருப்புக்காரர் செருப்பைத் தூக்கியபடி சிலையாகிவிட்டார். என்னைக் கேட்காதீர்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் எழுந்து நின்றிருக்கிறேன். கண்ணீர் வழிய, கைகூப்பி மேடையைப் பார்த்துச் சொல்கிறேன்: “தபால்காரரே! அவகிட்ட சொல்லுங்க. எனக்கும் கோவம் இல்லைன்னு சொல்லுங்க. அவளைக் கம்பெனிக்குப் போகவேண்டாம்னு சொல்லுங்க!”

இதோ, இந்த மேடையில் என் வலப்புறம் அமர்ந்திருக்கிறாரே, தபால்காரராய் நடித்த இந்தப் பெருமகன், இவர் என்ன செய்தார் தெரியுமா? கையிலிருந்த தாளைக் கீழே இறக்கினார். ஒலிவாங்கிக்கு அருகில் வந்தார். தபால்காரரின் அதே மூச்சிரைப்போடு சொன்னார்:

“அம்மா, இன்னையோட என் வேலை முடிஞ்சுது. பையைக்கூட ஒப்படைச்சுட்டேன். அவங்க உங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருக்காங்க? இதை நீங்களே நேர்ல குடுத்துடுங்க.”

திரும்பினேன். “பாப்பா” என்றேன். ஒரு வருடமாய் உள்ளே கிடந்த பெயர் அது. “போகாதே. உன்னை விட்டா இங்க எனக்கு யார் இருக்கா?” அவள் கண் திறந்தாள், எங்கே இருக்கிறோம் என்பதை அப்போதுதான் உணர்ந்து, “ஐயையோ அண்ணி!” என்று என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வீட்டிலிருந்து கேட்ட உங்களில் பலர் அதை நாடகம் என்றே நினைத்தீர்களாம். அண்ணியாகவும் நாத்தனாராகவும் நடித்த புதுமுகங்கள் யார் என்று நிலையத்துக்குத் தொலைபேசிமேல் தொலைபேசி! அந்தப் புதுமுகம்தான், பெருமக்களே, இப்போது உங்கள் முன்னால் நிற்கிறது.

நான் கேட்கிறேன். எத்தனை வீடுகளில் இன்னும் இப்படித் தபால் நடக்கிறது? “உங்கப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு” என்று பிள்ளையிடம் சொல்கிறோமா இல்லையா? அண்ணன்மேல் உள்ள பாசத்தை அடுத்த வீட்டாரிடம் சொல்கிறோமா இல்லையா? கோபத்தைச் சொல்ல எவரையாவது தேடினோமா? முகத்துக்கு நேரே சொன்னோம்! குத்தலைச் சொல்ல ஆள் வைத்தோமா? வாசலில் நின்றே சொன்னோம்! “நீ இல்லாமல் என்னால் முடியாது” என்ற ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் ஏன் இத்தனை தூது? ஏன் இத்தனை தயக்கம்? இந்தக் கலைஞர்கள் எங்கள் சொற்களை ஒரு வருடம் சுமந்தார்கள். சுமக்கிறோம் என்று தெரியாமலே சுமந்தார்கள். கலைக்கு இதைவிட என்ன கடமை உண்டு? அவர்களுக்கு எங்கள் வீட்டின் சார்பில்...

என்ன? மூன்றாவது வரிசையில் யாரோ எழுந்து கையை ஆட்டுகிறார்கள். ஒலிவாங்கியை மறைத்துக்கொண்டு கேட்கிறேன், பொறுங்கள்.

“அண்ணி! போதும் இறங்குங்க, கடைசி பஸ் போயிடும்! அப்புறம் நீங்கதான் என்னை நடக்க வைப்பீங்க!”

கேட்டீர்களா, தாய்மார்களே? என்னிடமே சொல்கிறாள்! இத்தனை பேர் முன்னிலையில் என்னைத் திட்டுகிறாள்! இதைவிட ஒரு பாராட்டு இந்தக் குழுவுக்கு என்னால் தர முடியாது. பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம். இதோ வந்துட்டேன் பாப்பா!