புகைக்கு நெவியோ என்று பெயர்

ரொட்டி சுடுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை, இன்ஸ்பெக்டர். மாவு கையை விடாது, அவ்வளவுதான். என் ரொட்டியை இந்தத் தீவில் யாரும் பாராட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். காப்பிக்கடை ஃபிலோமேனா ஒரு தடவை அதை விரல் முட்டியால் தட்டிவிட்டு, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள். ஆனாலும் தின்றார்கள். குளிர்காலத்தில் படகு வருவதே அபூர்வம். பசி வந்தால் தின்றுதானே ஆக வேண்டும்.

சிறையை அரசாங்கம் மூடியபோது கைதிகளை வேறு சிறைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். காவலர்களில் என்னைப் போன்ற சிலர் மட்டும் போகவில்லை. தண்டனை முடிந்திருந்த ஒன்றிரண்டு கைதிகளும் போகவில்லை; நெவியோ அவர்களில் ஒருவன். வங்கியைக் கொள்ளையடிக்கப் போய், அதன் வாசலிலேயே வழுக்கி விழுந்து பிடிபட்டவன் அவன். சிறைக்குள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். சிறை மூடிய பிறகு ஊருக்குச் சுட்டான். மிச்சமிருந்த ஒரு கைப்பிடி ஜனத்துக்கு ஒரு காப்பிக்கடை, ஓர் அடுப்பு, ஒரு தேவாலயம். அங்கே கைதிகளை விடுவிக்கும் புனித லெயோனார்தோ சிலையாக நிற்கிறார். கைதிகள் திருடிவிடுவார்கள் என்று பயந்து அவரைச் சுவரோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தோம். சாவி தொலைந்துவிட்டது. இன்றுவரை அவரும் புகார் செய்யவில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். சிறை மூடிய பிறகும் எங்களால் ஆஜர் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காவலனோ கைதியோ, சாயங்காலம் தன் பெயரைக் கூப்பிடக் கேட்காவிட்டால் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அதனால் ஃபிலோமேனா மணியடிப்பாள், எல்லோரும் படகுத்துறையில் வரிசையாக நிற்போம், அவள் கூப்பிடுவாள். நெவியோ மட்டும் வர மாட்டான். மாவைப் பாதியில் விட முடியாது என்று சிறையிலிருந்தபோதே ரொட்டிக்காரனுக்கு விலக்கு உண்டு. அடுப்படிப் புகைக்கூண்டை அண்ணாந்து பார்த்து, புகை வந்தால் ஆஜர் என்று போட்டுக்கொள்வோம். பகலில் தூங்குகிறவன் அவன். ரொட்டிப் பைகளை ஜன்னலில் வைத்துவிடுவான், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வாரக்கணக்கில் அவன் முகத்தைப் பார்க்காமலே அவனோடு ஒரே ஊரில் இருக்கலாம்.

என் மனைவி இயோலாண்டா அவன் முகத்தை அடிக்கடி பார்த்திருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிவித்தவன் நெவியோவேதான். சீட்டாட்டத்தின் நடுவில் சொன்னான்.

"தலைவரே, திருவிழா முடிஞ்சு போற படகுல உங்க வீட்டம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். சொல்லாம போனா மரியாதையா இருக்காது."

"அவ சம்மதிச்சுட்டாளா?"

"பொட்டி கட்டியாச்சு. உங்க சூட்கேஸ்தான். அதுக்கும் மன்னிச்சுக்கோங்க."

நான் கோபப்படவில்லை. அவன் அவ்வளவு ஒழுங்காகச் சொன்ன பிறகு எப்படிக் கோபப்படுவது? அந்த ஆட்டத்தில் ஜெயித்ததும் நான்தான்.

புனித லெயோனார்தோ திருவிழாவன்று, படகுக்குக் கொஞ்சம் முன்னால், அவனே என்னிடம் வந்தான். "என் ரூமைக் கடைசியா ஒரு தடவை பாத்துட்டுப் போகலாமா தலைவரே?" பழைய சிறைக் கட்டடத்தின் கோடியில், பாறையைக் குடைந்து கட்டிய தனிக்கொட்டடி அது. கோடையில் வரும் சுற்றுலாக்காரர்கள் உள்ளே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்; நான் கதவை மூடினால் சிரிப்பார்கள். சாவிகள் என் பொறுப்பு. அவன் உள்ளே போய்ச் சுவரைத் தடவினான். நான் கதவை மூடினேன். அவனும் முதலில் சிரித்தான்.

அங்கிருந்து கத்தினால் கடலுக்குத்தான் கேட்கும்.

இயோலாண்டா சூட்கேஸோடு துறையில் நின்றாள். படகு போயிற்று. மானஸ்தி; நேராக வீட்டுக்கு வந்து துணிகளை அலமாரியில் அடுக்கினாள். அன்று சாயங்காலம் நான் அடுப்பை மூட்டினேன். ஆஜர் நேரத்தில் புகைக்கூண்டைப் பார்த்து ஃபிலோமேனா, "நெவியோ ஆஜர்" என்றாள். என் மனைவியும் பார்த்தாள்.

"இருக்கான் பாரு" என்றாள் என்னிடம், மெதுவாக. "கூச்சமே இல்லாம இங்கயே இருக்கான்."

அதன் பிறகு அவள் அடுப்படிப் பக்கமே திரும்பவில்லை. எனக்கு அவரைக்காய்ச் சூப்பில் இரண்டாவது கரண்டியைக் கேட்காமலே ஊற்றினாள். குளிரில் என் பக்கம் நகர்ந்து படுத்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு நாங்கள் நன்றாக வாழ்ந்தோம்.

அவனைப் பட்டினி போட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தினமும் தண்ணீரும் ரொட்டியும் கொண்டுபோனேன். கதவுத் துவாரம் வழியாக ரொட்டி திரும்பி என் மேலேயே வந்து விழும். "இதத் தின்னுட்டுச் சாகறதுக்கு இப்படியே செத்துடலாம்! உப்பு போடத் தெரியாதா? மாவை ஊற விட்டியா, இல்ல உன் மூஞ்சி மாதிரி அப்படியே சுட்டுட்டியா?" தலைவரே என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தான். நான் பொருட்படுத்தவில்லை. உப்பைக் கூட்டினேன், மாவை இன்னும் கொஞ்சம் ஊறவிட்டேன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊரிலும், "நெவியோவுக்குப் பழைய கைப்பக்குவம் திரும்பி வருது" என்றார்கள்.

ஒரு நாள் காலை நான் போனபோது அவன் என்னைத் திட்டவில்லை.

அப்புறமும் ஏன் அடுப்பை மூட்டினாய் என்று கேட்கிறீர்கள். புகை நின்றால் ஊர் தேடும், அது ஒன்று. அதைவிட முக்கியமாக, அவன் கரைக்குப் போய்விட்டான் என்று நினைத்து இயோலாண்டா பின்னாலேயே கிளம்பிவிடுவாள். அவள் கரையில் அலைந்து தேடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

போன வாரம் அவள் அடுப்படிக்கு வந்தாள். அவன் முகத்தில் காறித் துப்ப வந்திருக்கிறாள். நான் முழங்கை வரை மாவோடு நின்றேன்.

"ஒரேஸ்தே, நீ இங்க என்ன பண்ற?"

"ரொட்டி சுடறேன்."

"அவன் எங்க?"

"அவன் ரூம்ல."

அவள் கையை நீட்டினாள். வழுக்கக் கூடாதே என்று சாவியை மேலங்கியில் நன்றாகத் துடைத்துக் கொடுத்தேன். அவள் ஓடியதை ஃபிலோமேனா பார்த்திருக்கிறாள். திரும்பி வந்தவள் வீட்டுக்குள் நுழையவில்லை; கடையிலிருந்து உங்களுக்குப் போன் செய்தாள், உங்களைக் கொண்டுவந்த படகிலேயே ஏறிப் போய்விட்டாள்.

கதவைப் பூட்டியது நான்தான். அவன் செத்ததும் அதனால்தான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க இயோலாண்டா என்னோடு இருந்தது அவளாக விரும்பித்தான்; அவளை யாரும் பூட்டி வைக்கவில்லை.