பெட்டி விழுந்தது என்று சொல்லுங்கள்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பார்சல் போக்குவரத்து நிறுவனத்தின் முதலாளி அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, பாதி வாழ்க்கையைப் பாதையிலேயே கழிக்கும் ஓட்டுநர் சகோதரர்களே, அவர்கள் வீடு திரும்பும்வரை வாசலில் ஒரு காதை வைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் நின்றபடி கேட்கும் பெரியவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் மேடை கண்டவள் அல்ல. மருத்துவமனையின் பின்வாசலில் கதிரியக்க மருந்துப் பெட்டிகளைச் சோதித்து வாங்கி வைப்பவள். வண்டிச் சத்தம் கேட்டால் இன்றும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். அடங்காத அந்தப் பதற்றம் அடங்கவே வேண்டாம் என்பதுதான் என் பிரார்த்தனை.

கதிருக்கு நிறம் உண்டா? மணம் உண்டா? தொட்டால் சுடுமா? எதுவும் இல்லை. ஈயக் குப்பிக்குள் இருந்தால் அது மருந்து. கசிந்து கையில் ஒட்டினால் அதுவே கேடு. இரண்டுக்கும் இடையில் நிற்பது என்ன? முதலாளி முன்னிலையிலேயே சொல்கிறேன். அவர்தான் சொல்லச் சொன்னார்.

ஒருநாள் காலை, வழக்கமாக வரும் ஓட்டுநர் பெட்டியை இறக்கினார். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் வந்த ஓர் ஆசிரியைக்கான மருந்து அது. அதற்காகவே அவர் வாரக்கணக்கில் மாத்திரையை நிறுத்தி, பத்தியம் இருந்து, கைக்குழந்தையைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்து மாடியில் காத்திருந்தார்.

பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. அதன்மேல் புதிதாக டேப் ஒட்டியிருந்தது.

"என்னண்ணே, மூலை இப்படி இருக்கு?"

"வரும்போதே அப்படித்தாம்மா. சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க, கிளம்பணும்."

மாடியிலிருந்து டாக்டர் தொலைபேசியில் அழைத்தார். "அந்தம்மா காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்காங்க. மேல அனுப்புறீங்களா?"

அனுப்பியிருக்கலாம். அவசரம் என்று ஒரு காரணமும் கையில் இருந்தது. ஆனால் கையுறை மாட்டினேன். பெட்டியின் மேற்புறத்தை வெள்ளைத் தாளால் துடைத்தேன். அந்தத் தாளைக் கதிர் அளக்கும் கருவியிடம் காட்டினேன். கருவி கத்தத் தொடங்கியது.

"அண்ணே, நிக்கற இடத்துலயே நில்லுங்க. எதையும் தொடாதீங்க."

"ஐயோ, என்னம்மா நீங்க. நான் பொண்ண ஸ்கூல்ல இருந்து கூப்பிடணும்."

"எதுல கூப்பிட்டுப் போவீங்க?"

"இந்த வண்டியிலதான்."

"எங்க உட்காருவா?"

அவர் குனிந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். நான் கருவியை அந்தக் கைகளுக்கு அருகே கொண்டுபோனேன். அதே சத்தம். அந்த மனிதரின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன்.

"பெட்டியக் கட்டுற பட்டை அறுந்துபோச்சும்மா. 'இன்னிக்கு ஒருநாள் சமாளி'ன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. பெட்ரோல் பங்க்ல கதவைத் திறந்தேன், பெட்டி உருண்டு விழுந்துடுச்சு. பின்னாலயே இன்னொரு வண்டி வந்து மூலையில ஏறிடுச்சு. வெளிய தெரிஞ்சா வேலை போயிடுமேன்னு டேப் ஒட்டிட்டேன்."

முன்வரிசையில் ஒருவர் தலையில் கை வைக்கிறார். ஐயா, அப்போது எனக்கு அதற்கும் நேரம் இல்லை.

அவர் கைகளை வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவினோம், கருவி வாய் மூடும்வரை கழுவினோம். டாக்டர் ஓடி வந்து உடலில் அது சேராமல் தடுக்கும் மாத்திரை கொடுத்தார். அவர் மகளைப் பள்ளியிலிருந்து அம்மாவே அழைத்துப் போகும்படி வீட்டுக்குச் சொன்னோம். வண்டியைப் பூட்டி நிறுத்தினோம். பாதுகாப்பு அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, அவர்களோடு பெட்ரோல் பங்குக்கு விரைந்தோம்.

அங்கே, பெட்டி விழுந்த அதே இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்று வண்டிகளுக்குப் பெட்ரோல் அடித்துக்கொண்டிருந்தார். தரையில் கருவி கத்தியது. அவர் செருப்பிலும் கத்தியது. காலில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"செருப்புதானே, எடுத்துக்கங்க," என்றார் அவர். "ஆனா வெறுங்கால்ல வீட்டுக்குப் போனா மாமியார் ஆயிரம் கேள்வி கேப்பாங்க. வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அந்தச் செருப்பு அன்று அவர் வீட்டுக்குள் நுழைந்திருந்தால்? அந்தத் தரையில் இன்னும் எத்தனை கால்கள் நடந்திருக்கும்? இடம் எது என்று அந்த ஓட்டுநர் வாய் திறந்து சொல்லாவிட்டால், எந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு எந்த ஊரெல்லாம் தேடியிருப்போம்?

திரும்பி வந்ததும் மாடிக்குப் போய், இன்று மருந்து இல்லை என்று ஆசிரியையிடம் நானே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்னும் எத்தனை நாள் என் பிள்ளையப் பார்க்காம இருக்கணும்?" என்று மட்டும் கேட்டார். புது மருந்து வந்து சேரும்வரை அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இன்று அவர் நலம். குழந்தை அவர் இடுப்பில் ஏறி அமர்ந்துகொண்டு இறங்க மறுக்கிறதாம்.

ஓட்டுநரை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். நான் அவர் அலுவலகத்துக்கே போனேன். "இவரை அனுப்பிட்டா, அடுத்த பெட்டி விழும்போது யார் சார் உங்ககிட்ட சொல்லுவாங்க?" என்று கேட்டேன். அவர் எழுந்து, எல்லா வண்டிகளின் பட்டைகளையும் மாற்றச் சொன்னார். ஓட்டுநர் வேலையில் நீடித்தார்.

அனுப்புகிறவர்களே, இறுகக் கட்டி அனுப்புங்கள். ஏற்றுகிறவர்களே, பார்த்து ஏற்றுங்கள். வாங்குகிறவர்களே, எவர் அவசரப்படுத்தினாலும் அளந்து வாங்குங்கள். இத்தனைக்குப் பிறகும் விழுந்தால், விழுந்தது என்று சொல்லுங்கள். முதலாளிமார்களே, சொன்னவரை விரட்டாதீர்கள். ஈயம் தடுப்பது கதிரை. நம்மைக் காப்பது அந்த ஒரு வார்த்தை.

அந்த ஓட்டுநர் எங்கே என்று யாரோ கேட்கிறீர்கள். அவர் இந்தக் கூட்டத்தில் இல்லை. யாருக்கோ மருந்து ஏற்றிக்கொண்டு எங்கள் பின்வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறார். அவருக்கு முன்னால் நான் அங்கே இருக்க வேண்டும். அதனால் நீங்கள் போட்ட மாலையை மேசையிலேயே வைத்துவிட்டு விடைபெறுகிறேன். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்.