ஆள் இல்லாத நிரை

அன்றைக்கு ராத்திரி மணி ஏழரை இருக்கும். நீலாய் டவுனைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் ரோடு… அங்கே இருந்த ரப்பர் தோட்டம் மூடி எத்தனையோ வருஷமாகிறது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் ஒரு விளக்குகூடக் கிடையாது. டேய் தேவா, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார். பாதியில் எழுந்து ஓடினால் மிச்சத்தை நான் சொல்ல மாட்டேன்.

இது என் கூட்டாளி சுல்தானும், அவனோடு வேலை பார்க்கும் ஹேமநாதனும் போன இடத்தில் நடந்தது. காட்டில் என்னென்ன பறவை, பிராணி மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவருவதுதான் அவர்கள் வேலை. அன்றைக்குத் தேடிப்போனது ஓர் அரிய ஆந்தை. அதன் குரலை ஸ்பீக்கரில் போட வேண்டும்… அப்புறம் மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும். ஆந்தை இருந்தால் பதில் குரல் கொடுக்கும்.

ஹேமநாதன் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவன். பெண்டாட்டி தவறிவிட்டாள். ராசா என்கிற ஊரில் ஒரு வீடு, ஆறு வயதில் ஒரு மகள், மாதவி. அவனுக்கு எல்லாமே அந்தப் பிள்ளைதான். பக்கத்து வீட்டு புஷ்பவள்ளியிடம் விட்டுவிட்டு வந்திருந்தான்.

ஸ்பீக்கரைப் போட்டார்கள். நிறுத்தினார்கள். பூச்சிச் சத்தம்கூட அடங்கிப்போனது. அப்போது… புளித்த ரப்பர் பால் வாடை. குமட்டிக்கொண்டு வருமே, அதே வாடை. அங்கே எவன் பால் வெட்டுகிறான்?

தூரத்தில்… "கூ…"

ஆந்தை இல்லை. பொம்பளைக் குரல்.

விடியாத இருட்டில் பாலுக்கு மரம் வெட்டும்போது ஒரு நிரையிலிருந்து, அதாவது ஓர் ஆளுக்கென்று ஒதுக்கிய மர வரிசையிலிருந்து, கூவுவார்கள். பக்கத்து நிரைக்காரர் திருப்பிக் கூவ வேண்டும். ஆள் இருக்கிறேன் என்று அர்த்தம். வேறு எவனாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பான். ஹேமநாதன் சின்ன வயதில் அம்மாவோடு நிரைக்குப் போனவன். பழக்கதோஷம்… கையைக் குவித்து வாயில் வைத்துக் கூவிவிட்டான்.

"டேய் ஹேமா… யாருக்குடா பதில் சொல்ற?" சுல்தான் அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

மறுபடியும் "கூ…" இந்தத் தடவை பக்கத்தில். அதற்கு வலப்பக்கம் ஒரு குரல். இடப்பக்கம் ஒரு குரல். நிரை நிரையாக… மரத்தில் கட்டும் மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டும் சத்தம். டொக்… டொக்… டார்ச் அடித்தால் மங்கும் இல்லை, பாலும் இல்லை. காய்ந்த மரங்கள்தான் நின்றன.

விழுந்தடித்து ஓடினார்கள். கேட்டில் காவலுக்கு இருக்கும் மணியம் அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்.

"பதில் குடுத்துட்டீங்களா?"

ஹேமநாதன் தலையாட்டினான்.

"ஐயையோ… என்ன தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க! நிரையை ஒத்துக்கிட்ட மாதிரிலா அது. இனிமே நீங்க வரலனா, உங்க வீட்லருந்து ஒரு ஆளு வரணுமே."

தோட்டத்தில் அதுதானே வழக்கம். அப்பனுக்குக் காய்ச்சல் என்றால் பிள்ளை போய் நிரையை முடிக்கும்.

ராசா போய்ச் சேர்ந்ததும் ஹேமநாதன் நேரே புஷ்பவள்ளி வீட்டுக்கு ஓடினானாம். பயந்து செத்துக்கொண்டிருந்தான், பாவம். மகளைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசல் கிரில் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, அவளைப் பக்கத்தில் போட்டுப் படுத்தான்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால்… வீட்டுக்குப் பின்னால், சாக்கடையோரம்… "கூ…"

பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். எழுந்து போகவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. சத்தம் நின்றது. முருகா, முருகா என்றபடியே கண்ணயர்ந்துவிட்டான்.

காலையில் பார்த்தான். பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி இடுப்பிலேயே இருந்தது. மாதவி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பாடா என்று அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் அனுப்பத் தலை வாரிவிட்டான். சீப்பு இறங்கவில்லை. முடியெல்லாம் காய்ந்த ரப்பர் பால்… நூல் நூலாக.

"நீங்க தூங்கினதுக்கு அப்புறம் மறுபடியும் கூப்பிட்டாங்கப்பா," என்றாள் மாதவி. "நான்தான் பதில் சொன்னேன். நீங்க படுத்துக்குங்க… நாளைக்கும் நானே போறேன்."