ஃபிஜி ஜெயித்தால்

— டிவில அங்கன என்னத்தத் தேடுதீங்க மதினி? பந்து இந்தப் பக்கம்லா ஓடுது!

— பந்து ஓடட்டும்ட்டி. நான் உங்க அண்ணனத் தேடுதேன்.

— நாசர் அண்ணன் என்ன, விளையாடவா எறங்கியிருக்கான்? துபாய் கிரவுண்டு வேலைக்காரன் ஆட்டத்துக்கு நடுவுல தெரிய மாட்டான். மூலையில கொடி சாஞ்சாத்தான் நீலச் சட்டையோட ஓடி வருவான். அதுவரைக்கும் ஆட்டத்தப் பாருங்க. உங்க ஃபிஜிக்காரனுவ முழிக்கத முழியப் பாருங்க!

— ரொம்பத் துள்ளாத ஹுஸ்னா. ஆட்டம் தொடங்கி ரெண்டு நிமிசம்தான் ஆச்சு.

— செவன்ஸ் ரக்பி மொத்தமே பதினாலு நிமிசம்தான? பக்கத்துக்கு ஏழு பேரு, ஏழு நிமிசம் ஒரு பாதி, ஏழு நிமிசம் இன்னொரு பாதி. எங்க தென்னாப்பிரிக்காவுக்கு அதுல ஒரு பாதி போதும். பந்தயம் ஞாபகம் இருக்குல்லா? தோத்தவ நெய்ச்சோத்து வட்டாவக் கழுவணும்.

— அடிப்பிடிச்ச வட்டாவ. அடுப்புல ஏத்தி வச்சிட்டு போன நோண்டிட்டு இருந்தது யாரு?

— அந்த நியாயத்த உம்மா மேலகரத்துக் கல்யாண வீட்டுலருந்து வந்த பெறகு பேசிக்கலாம். பாருங்க, பந்து எங்க ஆளு கைக்கு வந்துட்டு... ஓடுதான்... விடாத, விடாத... மூலையில கொண்டு போயி வச்சிட்டான்! ட்ரை! அஞ்சு பாயிண்டு! அண்ணன் டீமு அண்ணன் டீமுதான்!

— மெதுவாட்டி. மேலகரத்துல மாமிக்கே கேட்ரும்.

— கேக்கட்டும். உதையும் உள்ள போயிட்டு, அதுக்கு ரெண்டு. ஏழுக்கு சைபர். எங்க, கையக் குடுங்க மதினி... என்ன இது, கை ஐஸா இருக்கு?

— மழைக்குளிரு.

— போர்வைக்குள்ள கைய வச்சிக்கிட்டு மழைக்குளிராக்கும்! ஒரு வட்டா கழுவவா இப்படிப் பயப்படுதீங்க?

— கொடி சாஞ்சி கெடக்கு பாரு. யாரு வாரா?

— நீலச் சட்டை... இல்ல மதினி, இது வேற ஆளு. குட்டையா இருக்கான்.

— நேத்தும் அந்தக் குட்டையந்தான் வந்தான். ரெண்டு நாளா உங்க அண்ணன் கண்ணுல படல. போன வருசம் மொத நாளே தெரிஞ்சாக. குனிஞ்சு கொடிய நட்டுட்டு, பேந்து கெடந்த புல்ல காலால அமுக்கி விட்டுட்டுப் போனாக. மூணு செகண்டு.

— அத போட்டோ புடிச்சு போன்ல வேற வச்சிருக்கீங்க. முதுகு மட்டுந்தான் தெரியுது.

— முதுகா இருந்தா என்னட்டி? என் மாப்பிள்ள முதுகுதான.

— அது சரி. துபாய்ல எத்தன ஆயிரம் பேரு ரக்பி பாக்க வாரான். ஒலகத்துலயே கொடி நடுதவரப் பாக்கதுக்கு ரக்பி பாக்குத ஆளு தென்காசியில ஒருத்திதான்.

— மொதல்ல அதுக்குத்தான் பாத்தேன். பெறகு இந்தப் பயலுவளப் புடிச்சிப் போச்சு. ஆட்டத்துக்கு முன்னால வட்டமா நின்னு தலையக் குனிஞ்சு துஆ கேக்கானுவ. தோத்தாலும் சிரிக்கானுவ. உங்க ஆளுவ ஜெயிச்சாலும் கடன்காரன் மாதிரி மொறைக்கானுவ.

— எங்க ஆளுவளச் சொன்னீங்கன்னா எனக்குக் கோவம் வரும். அண்ணனுக்குப் புல்லு வளக்கச் சொல்லிக் குடுத்த பெரியவரு தென்னாப்பிரிக்காக்காரரு. அவரு உப்பத் தின்னுட்டு அண்ணன் எப்படி வேற டீமுக்குக் கை தட்டுவான்? நானும் அண்ணன் பக்கந்தான்.

— தட்டு தட்டு. இன்னைக்கு நல்லாத் தட்டு.

— என்ன மதினி, கொரலு வேற மாதிரி இருக்கு? எதையோ மறைக்கீங்க. சத்தியமா சொல்லுங்க.

— சத்தியம் எதுக்கு? உங்க அண்ணனும் நானும் ஒரு பந்தயம் கட்டியிருக்கோம்.

— வட்டா பந்தயமா?

— வட்டா இல்லட்டி. இந்த ஆட்டத்துல ஃபிஜி ஜெயிச்சா, வேலைய எழுதிக் குடுத்துட்டு ஊருக்கு வந்துருதேன்னாக. தென்னாப்பிரிக்கா ஜெயிச்சா, காண்ட்ராக்ட்டுல இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து. நான் வாயத் தொறக்கக் கூடாது.

— அல்லாவே! இதெல்லாம் பந்தயம் கட்டுத விசயமா?

— வேற என்ன செய்ய? மூணு வருசமாப் பேசியாச்சு. அவுக சரிம்பாக, காலையில மாத்திருவாக. நான் சரிம்பேன், ராத்திரி அழுவேன். ரெண்டு பேராலயும் முடிவு எடுக்க முடியல, பந்து எடுக்கட்டும்னு அவுகதான் சிரிச்சிக்கிட்டே சொன்னாக. நான் சிரிக்கல. சரின்னுட்டேன்.

— பந்தயம் கட்டுதது ஹராம்லா மதினி?

— காசு வச்சாத்தான் ஹராம். நாங்க நாள வச்சிருக்கோம். கல்யாணம் ஆகி நாலு வருசம் ஆச்சு. அதுல நானும் அவுகளும் ஒரு கூரைக்குக் கீழ இருந்தது தொண்ணூத்தாறு நாளு.

— எண்ணியா வச்சிருக்கீங்க?

— எண்ணாம? நீ பாளையங்கோட்டை ஆஸ்டல்ல இருக்கையில, வீட்டுக்கு வார நாள எண்ணலயாக்கும்?

— அவன் அங்க காயுததுக்கு நானும் ஒரு காரணந்தான மதினி. என் படிப்பு, என் படிப்புன்னே ஓட்டிட்டான். எனக்கு இப்பம் மருந்துக்கடையில வேலை கெடச்சாச்சு. இனி எதுக்கு அவன் அங்கன வெயில்ல நிக்கணும்? ஃபிஜி! ஏ ஃபிஜி! தூக்குலே பந்த!

— வாய மூடு. டீமு மாத்தாத.

— நான் உங்க பக்கம் வந்துட்டேன்.

— எரக்கப்பட்டு வந்தா வேண்டாம். நீ எதுக்க நின்னு கத்தணும், நான் இங்கன நின்னு கத்தணும். அப்பந்தான் ஜெயிச்சா இனிக்கும். போ, உன் எடத்துல போயி உக்காரு.

— சரி சரி, போறேன்... ஐயோ, என்ன மதினி அது? ஒத்தக் கையால பின்னாடி தூக்கிப் போடுதான்! பாக்காமலே போடுதான்!

— அதான்ட்டி ஃபிஜி! வேலியத் தாண்டுன காளங்கன்னு மாதிரி போறான் பாரு! யாராலயும் புடிக்க முடியாது! வச்சிட்டான்! வச்சிட்டான்!

— ஏழுக்கு ஏழு. சவத்த விடுங்க, அதிர்ஷ்டம்.

— அதிர்ஷ்டமாம்லா! இந்தா, பந்து மறுபடியும் எங்க ஆளு கையிலதான்... ஒருத்தன் விழுந்தாச்சு, ரெண்டாவதும் விழுந்தாச்சு... ஹுஸ்னா! ஹுஸ்னா, பாரு! கம்பத்துக்கு நடுவுல!

— கண்ணு இருக்கு மதினி, என் தோளப் பிய்க்காதீங்க. பதினாலுக்கு ஏழு. ஹாஃப் டைம்.

— அல்ஹம்துலில்லாஹ். கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வா.

— இந்தாங்க. கேக்கேன்னு கோவிச்சிக்காதீங்க. அண்ணன் வந்தா இங்க என்ன செய்வான்?

— எங்க வாப்பா அச்சன்புதூர்ல வாய்க்கால் பக்கம் அரை ஏக்கர் தாரேங்காக. அதுல புல்லு போடலாம்.

— புல்லா?

— புல்லுதான். குத்தாலத்துல புதுசு புதுசா ரிசார்ட்டு வருது, ஒவ்வொருத்தனும் வாசல்ல பச்சப் பாய் விரிச்ச மாதிரி புல்லு வேணும்ங்கான். கோயம்புத்தூர்லருந்து லாரியில எறக்குதானுவ. பாதி கருகித்தான் வருது. உங்க அண்ணனுக்கு அந்த வேலை அத்துப்படி.

— ஊர்ல சிரிப்பாக மதினி. ‘தானா மொளைக்கித புல்லப் படிக்க இவன் துபாய் வரைக்கும் போனானாக்கும்’னு கேப்பாக.

— சிரிக்கட்டும். சிரிக்கதுக்காவது ஆளு ஊர்ல இருக்கணும்லா?

— அது நல்லாத்தான் இருக்கு. குத்தாலத்துல அவன் போட்ட புல்லுல நான் செருப்பில்லாம நடப்பேன், யாரும் கேக்க முடியாது. ஆ, தொடங்கியாச்சு. தென்னாப்பிரிக்கா உதைக்கி.

— பிஸ்மில்லாஹ்.

— என்ன இது, படம் நின்னுட்டு? சுத்திக்கிட்டே இருக்கு!

— உன் போன்லருந்துதான டிவிக்கு நெட்டு வருது, மேல தூக்கிப் புடி. ஜன்னல்கிட்ட போ.

— மழை இந்தப் போடு போட்டா டவர் எங்க கெடைக்கும்? காலையில குளிக்கப் போவோம்னா ஐந்தருவியிலயும் தண்ணி சாஸ்தியாகி தடை போட்டுட்டானுவ. இப்ப இங்கயும் தடை... அஞ்சு நிமிசம் போயே போச்சு... இரிங்க, வந்துட்டு.

— எவ்வளவு? எவ்வளவுட்டி?

— பதினாலுக்கு பதினாலு.

— உங்க ஆளு ட்ரை போட்டிருக்கான். நீ ஏன் கத்தல?

— தொண்டை கட்டிட்டு.

— பொய் சொல்லாத. கத்து.

— வரல மதினி. என்னால கத்த முடியல. எனக்கு என் அண்ணன் வேணும்.

— எனக்கும் வேணும்ட்டி. அழாத. இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு, ஃபிஜிக்கு ரெண்டு நிமிசம் போதும். கண்ணத் தொடச்சிட்டுப் பாரு.

— பந்து உங்க கையிலதான்... வாரானுவ... நல்லாத்தான் வாரானுவ. மணி அடிச்சிட்டே!

— மணி அடிச்சா என்ன? பந்து வெளிய போகுத வரைக்கும் ஆட்டம் உண்டு. உங்க அண்ணன் சொல்லிக் குடுத்தது. கோட்டுக்கு இன்னும் பத்தடிதான். போ, போ ராசா... வச்சிரு...

— ஐயோ!

— நழுவிட்டு.

— எங்க ஆளு எடுத்துட்டான். எதுக்க யாருமே இல்ல மதினி. ஓடுதான். லேய் விழு! விழுந்து தொலை! கால் தடுக்கி விழுலே!

— உன் டீமுட்டி அது.

— எனக்கு வேண்டாம் இந்த டீமு... வச்சிட்டான்.

— முடிஞ்சிட்டு.

— பத்தொம்பதுக்கு பதினாலு... மதினி, நான் அண்ணனுக்குப் போன் போடுதேன். பந்தயமாவது மண்ணாங்கட்டியாவதுன்னு கேக்கேன்.

— கேக்கக் கூடாது. வாக்குன்னா வாக்கு. நான் ஜெயிச்சிருந்தா அவுகளப் புடிச்சி இழுத்திருப்பேன்லா? தோத்தா மட்டும் பேச்ச மாத்துனா எப்படி? ரெண்டு வருசம். ஓடிப் போயிரும்.

— ஓடாது.

— ஓடாது. என்ன செய்ய? நெஞ்சு வலிக்கத்தான் செய்யுது ஹுஸ்னா. நான் ஒளிக்கல. ஆனா ஃபிஜிப் பயலுவளப் பாரு. தோத்துட்டு நின்னு உங்க ஆளுவளக் கட்டிப் புடிக்கானுவ. நான் போயி வட்டாவக் கழுவுதேன்.

— வைங்க மதினி, நான் கழுவுதேன்.

— தோத்தது நானு. டிவிய நிப்பாட்டிட்டு வா, எலுமிச்சத் தோலு எடுத்துட்டு வா.

— மதினி!

— என்னட்டி, தோலு ஜன்னல் ஓரமா இருக்கு பாரு.

— தோலு கெடக்கட்டும்! ஓடி வாங்க! கேமரா கேலரியக் காட்டிச்சு, நான் அப்படியே நிப்பாட்டி வச்சிருக்கேன். வாழப்பழ வேசம் போட்டுட்டு ரெண்டு வெள்ளக்காரன் நிக்கான் பாருங்க, அவனுவளுக்கு நடுவுல...

— கை ஈரமா இருக்கு, இரு. எங்க?

— ஃபிஜியோட வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு. கையத் தூக்கித் தட்டுதான் பாருங்க.

— யா அல்லாஹ்!

— அண்ணன்தான?

— அவுகதான். எளைச்சிருக்காக. சிரிக்காகட்டி... தோத்த டீமு சட்டையப் போட்டுட்டு எப்படிச் சிரிக்காக பாரு.

— இவனுக்கு என்ன கிறுக்கா? ட்யூட்டி நேரத்துல நீலச் சட்டையக் கழத்திட்டு கேலரியில ஏறி நிக்கான்! கிரவுண்டு ஆளுவள அங்க நிழலுக்குக் கூட ஒதுங்க விட மாட்டானுவளே.

— மணிக்கட்டுல மஞ்சளா என்னட்டி அது?

— டிக்கெட் எடுத்து உள்ள வாரவுகளுக்குக் கட்டி விடுத பட்டை. இவன் எப்பம் டிக்கெட் எடுத்தான்? லீவு போட்டிருப்பானோ?

— போட்டி நடக்கையில அவுகளுக்கு ஏது லீவு? பெருநாளைக்கே குடுத்ததில்ல.

— அப்பம் மாட்டுனான்! சூப்பர்வைசர் கண்ணுல பட்டா கழுத்தப் புடிச்சி வெரட்டிருவான் மதினி!

— வெரட்ட மாட்டான்ட்டி. வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கவுகள யாரு வெரட்டுவா?